எல்லை நகரத்துக்குப் போன மணவறை

பரீஸ் ரயிலில் நெஞ்சுயரப் பொன்மயில் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். சாமான் ஏற்றும் எங்கள் வான் திருத்த வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை விடியற்காலை, சார்செல்லில் ஏறி கார் து நோரில் இறங்கும்வரை மயிலும் நானும் சேர்ந்து வந்தோம். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவருடைய பத்திரிகையில் மயிலின் கொண்டை இடித்தது. அவர் மயிலைப் பார்த்து "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, விட்ட வரியிலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்கினார். ஊரில் ஒரு புதுச் சட்டியை வாங்கிக்கொண்டு றோட்டால் நடந்து பாருங்கள். எங்கே வாங்கியது, என்ன விலை, வீட்டில் என்ன விசேஷம் என்று நாலு பேருக்காவது பதில் சொல்லாமல் படலையைத் திறக்க முடியாது. இங்கே வந்து இருபத்தாறு வருடமாகியும் இந்தப் பாராமுகம் எனக்குப் பழகவில்லை. அந்த மயிலுக்குப் பொன்னிறம் பூச எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஒருவராவது வாயைத் திறந்து பார்க்கவேண்டாமா?

ஒரேயொருத்தி பார்த்தாள். தலையில் முக்காடு, மடியில் பாண் மணக்கும் ஒரு பை, என்னைவிடப் பத்து வயது இளையவள். மயிலை அடியிலிருந்து நுனிவரை கண்ணால் அளந்துவிட்டுக் கேட்டாள்.

"கலியாணத்துக்கோ?"

"ஓம்."

"ஆருக்குக் கலியாணம்?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் தன் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவர்களுடைய கலியாணத்துக்கு மயிலைத் தூக்கிக்கொண்டு போகும் ஒருத்தியை அவள் என்னவென்று நினைப்பாள்? நான் மணவறை வாடகைக்கு விடுகிறவள், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது, மயில்கள் வீட்டு நிலவறையில் தூங்குகின்றன என்பதையெல்லாம் என்னுடைய பிரெஞ்சில் விளங்கப்படுத்தி முடிக்க செயின் தெனியிலிருந்து கார் து நோர்வரை எடுத்தது. அதற்குள் நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம். அவள் பெயர் ஸல்வா. அவள் பேசுவதும் பிரெஞ்சுதான். ஆனால் அது என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே இறங்குவதால் இங்கே அப்படியே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸல்வாவின் ஊர் பென் கெர்தான். துனீசியாவின் தென்கிழக்கு மூலையில், பாலைவனம் தொடங்குகிற இடத்தில், லிபியாவுக்குப் போகும் பெருந்தெருவின் கடைசி நகரம். வதிவிட அட்டை கிடைக்காததால் எட்டு வருடம் அவள் அங்கே போகவில்லை. கார் து நோருக்குப் பக்கத்தில் ஒரு பாண் கடையில் விடியற்காலை ரொட்டி சுடும் வேலை. அட்டை கைக்கு வந்த மாதத்திலேயே தங்கை ஹனாவுக்குக் கலியாணமும் நிச்சயமாயிற்று. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் தாய் எல்லோருக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: மூத்தவள் பரீசில் எட்டு வருடம் இருந்து என்னத்தைக் கண்டாள்? அந்தக் கேள்வி ரெலிபோனில் வந்து ஸல்வாவின் நெஞ்சில் குத்தி நின்றுவிட்டது.

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் அக்கா" என்றாள், ஒரு நாள் பிளாட்போமில் நின்றபோது. "என்ரை தங்கச்சி அந்த ஊரிலை ஒருத்தரும் இருந்து பாக்காத ஒரு ஆசனத்திலை இருக்கவேணும். அந்த மனிசி அதைப் பாக்கவேணும். பாத்திட்டுச் சொல்ல ஒரு சொல்லும் வரக்குடாது."

நான் அந்த இடத்திலேயே சரி, மணவறையோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்படியொரு வியாதி இருக்கிறது, யாராவது மயிலை மதித்துவிட்டால் போதும். வீட்டில் வந்து சொன்னதும் என் மனிசன் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "உனக்கென்ன விசரோ? பக்கத்திலை இருக்கிற எபினேக்குப் போகவே வான் இழுக்குதில்லை. ஆபிரிக்காவுக்கோ?" மகள் அபி போனிலிருந்து தலையைத் தூக்காமல் "சே ஜெனியால், மமோன்" என்றாள். எங்கள் வீட்டில் மறுப்பெல்லாம் தமிழில் வரும், சம்மதம் பிரெஞ்சில் வரும். லா சப்பலில் எனக்கு இரண்டு கடை தள்ளி மணவறை வாடகைக்கு விடும் ராணியக்காவோ, "உம்மடை மயில் திரும்பி வந்த மாதிரித்தான்" என்று சொல்லி ஒரு வடையை எடுத்துக் கடித்தார். அந்த வடை கடிதான் என்னைக் கப்பல் ஏற்றியது.

மார்செய்யில் கப்பலுக்கு நின்ற வாகனங்களைப் பார்த்ததும் எங்கள் வானுக்காக வெட்கப்பட்டேன். ஒவ்வொரு காரின் தலையிலும் இன்னொரு கார் உயரத்துக்குச் சாமான்: குளிர்சாதனப் பெட்டி, மெத்தை, பிள்ளைகளின் சைக்கிள், ஒருவர் ஒரு முழுக் கதவையே கட்டியிருந்தார். எங்களிடம் இருந்ததெல்லாம் எட்டுத் தூண், ஒரு தாமரை ஆசனம், ஒன்றையொன்று பார்த்துக் கழுத்தைத் திருப்பியிருக்கும் சோடி மயில். துனிசில் சுங்கத்துக்காரர் வானின் பின்கதவைத் திறந்தார். மயில்கள் அவரைப் பார்த்தன. அவர் எங்கள் மனிசனைப் பார்த்தார். எந்த ஹோட்டலுக்கு என்று கேட்டார். மனிசனுக்குக் கேள்வி விளங்காமல் "வெஜிற்றேறியன்" என்றார், ஏன் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. ஸல்வா அரபியில் கலியாணம் என்று ஒரு சொல் சொன்னாள். கதவு மூடப்பட்டது, எங்கள் மூன்று பேருக்கும் வாழ்த்துச் சொல்லப்பட்டது.

தெற்கே போகப் போக நிலம் தட்டையாகிறது. முதலில் நேர்கோட்டில் நட்ட ஒலிவ் மரங்கள், பிறகு மரமும் இல்லாத மணல், பிறகு வெயிலில் வெளுத்துக் கிடக்கும் உப்புத் தரவை. அதைக் கண்டதும் மனிசன் "ஆனையிறவு" என்றார். யாழ்ப்பாணத்துக்குள் நுழைகிற வாசலில் எங்களுக்கும் அப்படியொரு உப்புவெளி உண்டு. பிறகு தெருவோரத்தில் முதல் கான் தெரிந்தது. நீலம், மஞ்சள், வெள்ளைப் பிளாஸ்ரிக் கான்கள் வரிசையாக, ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஒரு புனல், பக்கத்தில் ஒரு கதிரை, கதிரையில் ஒரு மனிதர். உள்ளே பெற்றோல். லிபியாவில் அது மலிவு. போகிற கார்கள் தாங்கி வெறுமையாகப் போய் நிறைந்து வரும், வந்து இங்கே உறிஞ்சி எடுக்கப்படும். ஒரு நகரமே அப்படி ஓடுகிறது. சந்தைக்குள் நுழைந்தால் போர்வைகள், ரயர்கள், மின்விசிறிகள், தேயிலை, வாசனைத் திரவியம், ஒருவர் தலைக்குமேல் ஒருவர் கத்தி விற்கிறார்கள். ஒரு தெரு முழுக்கக் காசு மாற்றுகிறவர்கள், மரக்கறிக்காரர் தக்காளியை அடுக்குவதுபோல் நோட்டுக் கட்டுகளை வெளியிலேயே அடுக்கி வைத்துக்கொண்டு. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நடந்தோம். எங்களைப் பார்த்து நகரமும் வாயைப் பிளந்தது. சேலை கட்டிய ஒருத்தி அந்தத் தெருவில் அதற்கு முன் நடந்திருப்பாளோ தெரியாது. நாலு பேர் வழிமறித்து எங்கிருந்து வருகிறாய், யார் வீட்டுக்கு, என்ன விசேஷம் என்று கேட்டார்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு தெருவில் போகிற என்னை விசாரிக்கிறார்கள்.

வாதுமைப் பருப்பு மிதக்கும் கறுத்த தேத்தண்ணியைச் சின்னக் கிளாசில் ஊற்றித் தந்தபடி ஸல்வா சொன்னாள். "இஞ்சை பெரிசா ஒண்டும் விளையிறேல்லை அக்கா. எல்லாம் அங்காலையிருந்து வருது, இஞ்சாலை போகுது. நடுவிலை நாங்கள் நிண்டு தேத்தண்ணி குடிக்கிறம்."

லா சப்பலும் அதேதான் என்று எனக்கு அப்போது பட்டது. முருங்கைக்காய் ஒரு கடலைத் தாண்டி வருகிறது, புறநகர்ச் சனம் ரயிலில் வந்து அள்ளிக்கொண்டு போகிறது, நடுவில் நான் நின்று மயிலைத் துடைக்கிறேன். நானும் ஓர் எல்லை நகரத்துக்காரிதான் என்று நினைக்க எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியாத புளுகமாக இருந்தது. அந்தப் புளுகத்தில்தான் பிழை விட்டேன்.

கலியாணத்துக்கு முதல்நாள், நகரத்துக்கு வெளியே ஒலிவ் தோட்டத்தில் பெண்களுக்கென்று ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்களுக்குத் தனியாக இன்னொன்று, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். பெண்கள் முக்காட்டைக் கழற்றிவிட்டு ஆடப்போகும் இடம் என்பதால் கூடாரத்தைச் சுற்றிக் கனத்த கம்பளிகளைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. அங்கே மின்சாரம் இல்லை, ஒரு பழைய ஜெனரேற்றர்தான் உண்டு. நான் மணவறையைக் கட்டி முடித்து லைற்றைப் போட்டேன். மயில் தோகையில் பச்சையும் நீலமும் ஓடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, கட்டி முடித்த மணவறையைப் பொம்பிளை மாப்பிள்ளை காண்பதற்கு முன் லா சப்பல் முழுக்கக் கண்டுவிட வேண்டும். ராணியக்காவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவர் கையிலிருந்த வடையைக் கடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிபடாத வடை எனக்கு அவ்வளவு இனித்தது. பிறகு மச்சாள், பிறகு பழைய வாடிக்கையாளர்கள், பிறகு வலதுபக்கத்திலிருந்து ஒருதரம், இடதுபக்கத்திலிருந்து ஒருதரம். ஜெனரேற்றர் இருந்த பெற்றோலையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டு ஒரு இருமல் இருமி நின்றது. பெற்றோலுக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம், காலையில் ஒரு கான் வாங்கினால் சரி என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

காலையில் எல்லை மூடியிருந்தது.

ஏன் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அது அடிக்கடி நடப்பது, இரண்டு நாளில் திறக்கும், இரண்டு கிழமையிலும் திறக்கும் என்றார்கள். தெருவோரத்துக் கான்கள் எல்லாம் மாயமாகியிருந்தன. கதிரைகள் இருந்தன, கதிரைகளில் மனிதர்களும் இருந்தார்கள், விற்க ஒன்றும் இல்லை. பெற்றோல் நிலையத்தில் கார்களின் வரிசை வளைந்து வளைந்து பள்ளிவாசலையும் தாண்டியது. அந்த வரிசையைப் பார்த்ததும் நான் என்னையறியாமல் கார்களை எண்ணத் தொடங்கினேன். போரின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காத காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவரும் எண்ணுவார்.

ஸல்வா வந்து ஜெனரேற்றர் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவள் ஏசவில்லை. "சரி அக்கா, இருட்டிலை இருப்பம்" என்றாள். கூடாரத்துக்குள் லைற் இல்லாத மணவறை தளபாடக் கடையின் பின்கட்டு மாதிரி நின்றது. பாட்டுப்பெட்டியும் ஊமை. இன்னும் மூன்று மணித்தியாலத்தில் மாப்பிள்ளையின் தாய் வரப்போகிறார். எட்டு வருடம் விடியற்காலை எழும்பி மாவு பிசைந்தவளுடைய மானத்தை நான் ராணியக்காவுக்குப் படம் காட்டி எரித்துவிட்டேன். எனக்கு என் மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆண்கள் எல்லோரும் பெற்றோல் தேடிப் புறப்பட்டார்கள், எங்கள் மனிசனும் ஒரு கானோடு பின்னால் போனார். எங்கள் வான் டீசலில் ஓடுவது, அதனால் அதில் உறிஞ்சவும் வழியில்லை. இதற்கிடையில் இருபது காரில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரவேண்டிய பெண்ணுக்கும் கார் இல்லை என்றாயிற்று. ஹனாவின் மாமா ஒருவர் யோசிக்கவேயில்லை, போய் ஒரு ஒட்டகத்தை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அதன் முதுகில் கம்பு வளைத்துச் சிவப்புக் கம்பளி போர்த்திக் கூண்டு கட்டி, முன்பெல்லாம் அப்படித்தானாம் பெண் வருவது. வயதான பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லை மூடியதே நல்லது என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஒட்டகம் தயார், ஆசனம்தான் இருட்டில்.

அப்போதுதான் கூடாரத்துக்குப் பின்னால், சமைக்கிற இடத்தில், ஒரு கிழவி அடுப்பு மூட்ட மண்ணெண்ணெய் ஊற்றினார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

தடைக் காலத்தில் எங்கள் உரும்பிராய் வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கிற மெஷினும் அப்பாவின் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. பெற்றோல் மருந்துக்கு வைத்திருப்பதுபோல் ஒரு சின்னப் போத்தலில் இருக்கும். கண்ணுக்கு மருந்து விடும் போத்தல். அதிலிருந்து நாலு சொட்டுக் காபரேற்றருக்குள் பீச்சி உதைத்தால் மெஷின் எழும்பும், சூடேறும்வரை சொட்டுச் சொட்டாகக் கொடுக்கவேண்டும், பிறகு மண்ணெண்ணெயைத் தானே குடிக்கத் தொடங்கும். மூத்த பிள்ளை என்று அந்த வேலை எனக்கு விழுந்தது. பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அந்த மணம்தான். அதை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி முடியாது. பரீசுக்கு வந்தபோது இனி வாழ்நாளில் அந்த மணம் வேண்டாம் என்றுதான் வந்தேன்.

"ஸல்வா, கண்ணுக்கு விடுற மருந்து ஆரிட்டையும் இருக்கோ?"

"உங்களுக்குக் கண் நோகுதோ?"

"இல்லை. போத்தல்தான் வேணும். மருந்தை ஊத்திப்போட்டுத் தாரும்."

அவள் என்னை ரயிலில் முதல்முதல் பார்த்த அதே பார்வை பார்த்தாள். ஆனால் தந்தாள், பரீசில் வாங்கிய போத்தல். மணவறையோடு கொண்டுபோன செயற்கை நீரூற்றின் குழாயைக் கழற்றினேன். ஒலிவ் மரத்தடியில் யாரோ விட்டுப்போன ஒரு பழைய மொபிலெத் மோட்டார் சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் தாங்கியில் குழாயை விட்டு உறிஞ்சினேன். ஒரு வாய் பெற்றோல். துப்பிவிட்டுப் பார்த்தால் அரைக் கிளாஸ் வந்திருக்கிறது. கலியாண வீட்டுப் பெண்கள் முப்பது நாற்பது பேர், கையில் மருதாணியோடு, என்னைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். ஜெனரேற்றர் தாங்கிக்குள் கிழவியின் மண்ணெண்ணெய். ஸல்வா கயிற்றை இழுக்க வேண்டும், நான் சொட்டு விட வேண்டும்.

"இழு."

ஒன்றுமில்லை.

"இன்னும் கெதியா இழு."

ஒரு இருமல்.

"உன்ரை மாமியை நினைச்சு இழு."

அது அவளுடைய மாமி இல்லை, தங்கையின் மாமி, ஆனால் ஸல்வாவுக்கு விளங்கிவிட்டது. அவள் இழுத்த இழுவையில் ஜெனரேற்றரே ஒரு அடி முன்னுக்கு வந்தது. நான் நாலு சொட்டு, இன்னும் நாலு சொட்டு, அது இருமி, தும்மி, வெள்ளைப் புகை கக்கி, விட்டு விட்டு, பிறகு ஒரே சீராக இரையத் தொடங்கியது. கம்பளிக்கு அந்தப் பக்கம் மயிலில் வெளிச்சம் பற்றிக்கொண்டது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள், நானும் இட்டேன், எனக்கு அது வரும் என்பதே அன்றுதான் தெரியும். புகைக்குள் நின்று நானும் ஸல்வாவும் கட்டிப்பிடித்து, சிரித்துச் சிரித்து, ஒருவர் முகத்தில் மற்றவர் கரியைப் பூசினோம்.

ஒட்டகம் வந்தது. ஹனா இறங்கி, தாமரை ஆசனத்தில், இரண்டு மயிலுக்கும் நடுவில் போய் அமர்ந்தாள். கூடாரம் முழுக்க மண்ணெண்ணெய் வாசம், ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மாப்பிள்ளையின் தாய் உள்ளே வந்தார். பெரிய உடம்பு, கையில் தங்கம். அவர் ஆசனத்தைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார், வலதுபக்க மயிலுக்குப் பக்கத்தில் போய் அதன் கழுத்தைத் தடவினார். அதன் பிறகு அந்த இடத்தை விட்டு அசையவில்லை. படம் எடுக்கிற ஒவ்வொரு முறையும் மயிலும் அவரும்தான். கடைசியில் ஸல்வாவைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

ஸல்வா என்னிடம் வந்தாள். முகத்தில் சிரிப்பும் அழுகையும். "தன்ரை கடைசி மகளுக்கு வாற மாதம் கலியாணமாம். மயிலை விட்டிட்டுப் போவியளோ எண்டு கேக்கிறா. கேக்கிறா அக்கா. என்னட்டைக் கேக்கிறா."

அடுத்த கிழமை லா சப்பலில் எனக்கு இரண்டு கலியாணம் இருந்தது. ஆசனத்தை விட முடியாது, தூண்களை விட முடியாது. ஒரு மயிலை விடலாம் என்றேன். மூன்று நாள் கழித்து ஒலிவ் எண்ணெயும் பேரீச்சம்பழமும் போர்வையுமாக வான் நிறைந்து, ஒற்றை மயிலோடு நாங்கள் திரும்பினோம். ராணியக்கா கணக்காக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னனான்" என்றார்.

மற்ற மயில் இன்னும் வரவில்லை. ஹனா அதை வாடகைக்கு விடத் தொடங்கிவிட்டாள், கிழமைக்கு ஒரு வீடு. எல்லை திறந்திருக்கும் நாட்களில் அது அங்காலும் போகிறதாம். போன மாதம் ரயிலில் ஸல்வா ஒரு படம் காட்டினாள். ஒரு சின்ன லொறியின் தலையில், போர்வைக் கட்டுகளுக்கு நடுவில் கயிறு போட்டுக் கட்டப்பட்டு, மயில் லிபியாவுக்குப் போகிறது. நான் ஒரு எல்லையைத் தாண்ட எத்தனை கடதாசிக்கு எத்தனை வருடம் நின்றேன். இது ஒரு கடதாசியும் இல்லாமல், வெயிலில் மினுங்கிக்கொண்டு போகிறது. இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம். ரயிலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை எபினேயில் ஒரு மண்டபத்தில் மணவறை கட்டினோம். பெண்ணின் தாய் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, மயில் சோடியாத்தானே வரும்? மற்றது எங்கை?" என்றார்.

"அது ஊரிலை நிக்குது" என்றேன்.

"யாழ்ப்பாணத்திலையோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வெறுமையாகக் கிடந்த வலதுபக்கத்தில் ஒரு குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்தேன். இடதுபக்கத்து மயிலைச் சபையைப் பார்க்கத் திருப்பி வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. சோடியைப் பார்ப்பதற்கென்று கழுத்தைத் திருப்பிச் செய்த மயில் அது. எப்படி வைத்தாலும் மற்றது நிற்கவேண்டிய பக்கத்தைத்தான் பார்க்கிறது.